காரம் வரும்வரை

பிப்ரவரி 3

அக்கா,

பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தால், மேலே இருக்கும் இந்தக் கடிதத்தையாவது படித்துவிட்டு அனுப்பு. போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை உன்னால் அடைக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இதயத்தில் வால்வு மாற்றிப் படுத்திருக்கிற மனுஷனிடம் போய், சுற்றி நாலு பேர் நிற்கும்போது, "காய்கறியைக் கண்ணால பாக்காம இருந்தா இப்படித்தான் ஆகும் அத்தான்" என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. நீ என் சட்டைக் கையைப் பிடித்து வார்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது சரி. "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றதும் சரி. மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. விதைகளைப் பற்றி என்றால் தானாக வருகிறது. அதையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

விதைக் கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும். ஈரத்தாள் விரித்த தட்டில் விதைகளை வைத்து, எத்தனை முளைக்கிறது, எத்தனை செத்துவிட்டது என்று பார்க்கிற வேலை. போன மாதம் மருந்து தடவாத பிராக்கோலி விதையைக் கொஞ்சம் வீட்டில் ஜன்னலோரம் முளைக்கப் போட்டேன். மூன்றாம் நாள் இரண்டு முளையைப் பிய்த்து வாயில் போட்டேன். மூக்கில் ஏறியது பார், கடுகு மாதிரி!

அந்தக் காரத்தில் ஒரு பங்கு சல்ஃபோராஃபேன் என்கிற பொருளுடையது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு என்று அந்தக் குடும்பம் முழுக்க இந்த மாதிரிச் சரக்கு இருக்கிறது. பிராக்கோலி முளையில் இது பல மடங்கு. வேடிக்கை என்னவென்றால், செடிக்குள் தேடினால் அது இருக்காது. அதற்கான மூலப்பொருள் ஓர் அறையில், அதை மாற்றும் நொதி இன்னோர் அறையில், நடுவில் சுவர். பூச்சி கடித்தாலோ, கத்தி பட்டாலோ, நாம் மென்றாலோ சுவர் உடைகிறது. இரண்டும் கலந்த பிறகுதான் அது பிறக்கிறது. கடித்தவனை விரட்டச் செடி செய்கிற வேலை. ஆனால் நம் உடம்புக்குள் போனால், செல்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்கிற ஏற்பாட்டை அது தட்டி எழுப்புகிறதாம். எலிகளிடமும் கண்ணாடிக் குழாயிலும் நிறையப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் பார்த்தது கொஞ்சம்தான். புற்றுநோயைத் தடுக்கும் என்று கடைக்காரர்கள் கூவுவதை நம்பாதே. ஆனாலும் நல்ல விஷயம்தான்.

பச்சையாக அனுப்பப் பயமாக இருந்தது. ஈர முளையில் கிருமி சீக்கிரம் குடியேறும். வால்வு மாற்றியவர் உடம்புக்கு அது ஆகாது. ஆகவே முளையோடு நிறைய பிராக்கோலி இலையும் சேர்த்துக் காயவைத்து, பொடித்து, டப்பாவில் அடைத்திருக்கிறேன். தினம் ஒரு தேக்கரண்டி, சூப்பில். மூன்று மாதத்துக்கு வரும். நான் அனுப்பினேன் என்று அத்தானிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் தொடமாட்டார்.

உன் தம்பி


பிப்ரவரி 11

டேய்,

பெட்டியைப் பிரித்தேன். பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும், அந்த ஒரே காரணம். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் ஒன்று. உன் அத்தானின் வால்வு சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கெட்டது. அன்றைக்கே டாக்டர் சொன்னார். நீதான் காது கொடுத்துக் கேட்கவில்லை. உன் முட்டைக்கோஸை மூட்டை மூட்டையாகத் தின்றிருந்தாலும் இதே கதிதான். அவர் உன்னைத் திட்டவில்லை, கேட்டாயா? ஒரு வார்த்தை திட்டவில்லை. "உன் தம்பி சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இப்போது வீட்டில் இருக்கிறார். கிடங்கில் இவருடைய கிரேனை வேறு ஒருவர் ஓட்டுகிறார். எங்கள் பின்பக்க ஜன்னலில் நின்றால் கூரைக்கு மேலே அதன் மூக்கு மட்டும் தெரியும். காலையில் காபி டம்ளரோடு அங்கே போய் நின்றுகொள்கிறார். "பாரு, பாரு, இழுக்கறான் பாரு, மெதுவா விடுடா" என்று இங்கிருந்தே அந்த ஆளுக்குப் பாடம் நடத்துகிறார். உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை. ரத்தம் எவ்வளவு வேகத்தில் உறைகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்கிறார்கள். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். தொடர்ந்து மூன்று பரிசோதனையில் நின்றால்தான் கம்பெனி டாக்டர் இவரைக் கிரேன் ஏற விடுவார். இல்லாவிட்டால் வாசல் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்களாம். "அந்த நாற்காலிக்கு என்னை அனுப்பறதுக்குப் பதிலா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கே அனுப்பு" என்கிறார். நேற்று முதல் பரிசோதனை, இரண்டு புள்ளி எட்டு. ஒன்று தேறிவிட்டது, இன்னும் இரண்டு.

இனி உன் பொடி. வாயில் போட்டேன். வைக்கோல்! பச்சை நிற வைக்கோல். நீ மூக்கில் ஏறியது என்கிறாய், எனக்கு நாக்கு நுனியில்கூட ஒன்றும் இல்லை. நான் யார் என்று மறந்துவிட்டாயா? கடுகு விழுது ஆலையில் என்னை "நாக்கு மேடம்" என்று கூப்பிடுகிறார்கள். வெள்ளை ஓடு பதித்த அறையில் வரிசையாகக் கிண்ணம் வைத்து, ஒவ்வொரு கொப்பரைச் சரக்கையும் நக்கிப் பார்த்து, இது போகலாம், இது திரும்ப அரைக்கட்டும் என்று சொல்கிற வேலை. காரம் இல்லாத சரக்கு என் மேஜையைத் தாண்டி வெளியே போகாது. காரம்தான் மருந்து என்று நீயே எழுதுகிறாய். காரம் எங்கே போயிற்று?

அப்புறம், பச்சை முளையை நீ எவ்வளவு தின்கிறாய்? அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி இருந்தது. முட்டைக்கோஸைப் பச்சையாகத் தின்னாதே என்று அவளிடம் டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா?

இவருக்குக் கொடுப்பேன் என்று நான் சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

அத்தான் திட்டாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கிறது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

உன் கேள்வி என்னை ஆட்டிவிட்டது. என்னிடம் மீதி இருந்த பொடியை நானும் நக்கிப் பார்த்தேன். நீ சொன்னது சரி, வைக்கோல்தான். அனுப்புவதற்கு முன்னால் சுவைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை, பார். எங்கள் கம்பெனியில் விதையை எண்ணுவோம், எடை போடுவோம், யாரும் வாயில் போடுவதில்லை. பச்சை முளையை உரலில் நசுக்கினேன், கண்ணில் தண்ணீர் வருகிறது. நசுக்காமல் முழுசாக விழுங்கினேன், ஒன்றும் இல்லை. நசுக்கிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு நக்கினேன், இன்னும் தூக்கலாக இருந்தது. அறைச்சுவர் கதை உண்மைதான் அக்கா! காய்கறியை நறுக்கியதும் அடுப்பில் போடாமல் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்து பிறகு சமைத்தால் நல்லது என்று சொல்வது இதனால்தான். பொடியில் மட்டும் ஏன் செத்துக்கிடக்கிறது என்பது புரியவில்லை. டப்பாவின் மூடி சரியில்லையோ? நீ ஏதாவது கண்டுபிடித்தால் எழுது.

தொண்டை விஷயம்: தினம் ஒரு கிண்ணம் பச்சையாகத் தின்றுகொண்டிருந்தேன். உன் கடிதம் வந்ததும் பயந்து போய்த் தைராய்டு பரிசோதனை செய்துகொண்டேன். சரியாக இருக்கிறது. அயோடின் உப்பை விடாதே, பச்சையாக அள்ளித் தின்னாதே, வேகவைத்தால் அந்தத் தொல்லை குறையும் என்றார் டாக்டர். நான் வேறு உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அயோடின் இல்லாத கல் உப்புக்கு மாறியிருந்தேன். திரும்ப மாறிவிட்டேன். திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான் சாப்பிடும் மாத்திரையின் பெயர் என்ன? எழுது. பொடியோடு அது ஒத்துப்போகுமா என்று விசாரிக்க வேண்டும். அனுப்புவதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும், எனக்குப் புத்தி எப்போதும் ஒரு பஸ் பின்னால்தான் வருகிறது.

தம்பி


மார்ச் 2

டேய்,

இரண்டாவது பரிசோதனை கீழே விழுந்துவிட்டது. இரண்டு புள்ளி ஒன்று. ரத்தம் தடித்துவிட்டதாம். கணக்கு மறுபடி முதலிலிருந்து. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்ததும் பின்பக்க ஜன்னலின் திரையை இழுத்து மூடிவிட்டார். அந்தத் திரையை மூடி நான் பார்த்ததே இல்லை.

எதனால் விழுந்தது என்று எனக்கு மண்டை காய்கிறது. மாத்திரை நேரம் தவறவில்லை, நானே கையில் கொடுக்கிறேன். பெயர் வார்ஃபரின். வெளியில் சாப்பாடு கிடையாது. தூக்கம் நன்றாக இருக்கிறது. ஒரு சரக்கு கெட்டுப்போனால் ஆலையில் என்ன செய்வோம்? தண்ணீரா, உப்பா, விதையா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். இவரை எப்படிடா பிரித்துப் பார்ப்பது?

உன் ஆராய்ச்சியைப் படித்துச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உரலில் முளையை நசுக்கி அழுதுகொண்டிருக்கும் விஞ்ஞானி! உனக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைத்திருக்க வேண்டும், இந்த மாதிரி நேரத்தில் உன்னைத் தடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

நீ எழுதியதைப் பார்த்துக் கோஸை நறுக்கி வைத்துவிட்டு, பொறுமையாக அப்புறம் வேகவைத்தேன். வாசனையே வேறு. இவர்கூட, "இன்னிக்கு என்ன, சூப்புக்கு உயிர் வந்திருக்கு?" என்றார்.

பொடி தீரப்போகிறது. இன்னொரு டப்பா அனுப்பு. இந்தத் தடவையாவது காரத்தோடு.

அக்கா


மார்ச் 7

உன் கடிதம் ஒன்றும் வரவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. நேற்று இன்னொரு பரிசோதனை. ஒன்று புள்ளி ஏழு! மாத்திரையைக் கூட்டிய பிறகும் இறங்குகிறது. வால்வில் ரத்தம் கட்டினால் என்ன ஆகும் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்து, "கீரை, பச்சை இலை ஏதாவது திடீர்னு அதிகமா சாப்பிடறாரா?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. பக்கத்தில் இவர் உட்கார்ந்திருக்கிறார். உன் பொடி என்று இவருக்குத் தெரியாது. நான், "இல்லையே டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் மாத்திரையை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் இருந்ததைக் குப்பையில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். வீட்டில் இருந்த கோஸ், பச்சை இலை எல்லாவற்றையும் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் பச்சை நிறத்தில் எதுவும் வராது. நீயும் வராதே. வாயால் ஒரு தடவை அவரைக் குத்தினாய், இப்போது பொடியால். உன் நல்ல எண்ணமே எனக்கு வேண்டாம்.

இவர் கிரேன் ஏறாவிட்டால் அது உன் தலையில்தான் விடியும்.


மார்ச் 7

அக்கா,

உன் இரண்டாம் தேதிக் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு அனுப்பிய டப்பா இதற்குள் தீரப்போகிறதா? எவ்வளவு போடுகிறாய்? யாராவது விருந்தாளிக்கும் சேர்த்துக் கொடுக்கிறாயா?

மாத்திரையின் பெயரை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பச்சை இலைகளில் வைட்டமின் கே என்று ஒன்று இருக்கிறது. ரத்தம் உறைய உடம்புக்கு அது வேண்டும். இந்த மாத்திரை அதன் வேலையைத் தடுக்கிற மாத்திரை. நீ பச்சையைக் கூட்டினால் மாத்திரை தோற்கும். நான் சல்ஃபோராஃபேன், சல்ஃபோராஃபேன் என்று ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இலையில் இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை.

இப்போது முக்கியமானது. பொடியைச் சட்டென்று நிறுத்தாதே. மாத்திரையை ஏற்கனவே கூட்டியிருக்கிறார்கள். அந்த மாத்திரையோடு மல்லுக்கட்ட ஆள் இல்லாமல் போனால் ரத்தம் ஒரேயடியாக நீர்த்துவிடும். கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் சொல்லட்டும். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. என்மேல் பழி போடு, பரவாயில்லை.

தம்பி


மார்ச் 10

அக்கா,

உன் கடிதம் காலையில் வந்தது. நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ பொடியை நிறுத்திவிட்டாய், மாத்திரையோ இரண்டு தடவை கூடியிருக்கிறது. உன் போன் என்னை எடுக்காது. அத்தானின் போனும் அணைந்து கிடக்கிறது. உன் வீட்டுக்குக் கீழே தையல் கடையின் பலகையில் நம்பர் எழுதியிருக்கும் என்பது ஞாபகம் வந்தது. பழைய போட்டோ ஒன்றில் உனக்குப் பின்னால் அந்தப் பலகை இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்து அவரைக் கூப்பிட்டேன். "மேல ஓடுங்க, அத்தானை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன். யார் பேசுகிறீர்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை.

இதை எழுதும்போது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு வரி போதும், எழுது. திட்டி எழுது.


மார்ச் 19

தம்பி,

இருக்கிறார். நன்றாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, "ஈறுல ரத்தம் வருது, பிரஷ் பழசாயிடுச்சு போல" என்றார். நான் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். புது பிரஷ் வாங்கி வருகிறேன் என்று சொல்லிச் செருப்பில் காலை விட்டேன். அந்த நேரத்தில் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவும் வாயில் இரண்டு குண்டூசியுமாக மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். குண்டூசியைத் துப்பாமலே பேசினார். "உங்க தம்பி... ஆஸ்பத்திரி... இப்பவே." நீ என்று காதில் விழுந்ததும் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அடுத்த நிமிஷம் இவரைப் பார்த்தேன். உதட்டோரம் இன்னும் சிவப்பு.

அந்த எண் ஐந்தைத் தாண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தி வைத்து, படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொடி, நீ, சண்டை, நான் சொன்ன பொய், எல்லாம். இவர் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அடிப்பாவி, இத்தனை நாளா நான் தின்னது அவன் அனுப்பினதா?" என்றார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். நர்ஸ் வந்து அதட்டினாள்.

எவ்வளவு போட்டாய் என்று நீ கேட்டாய். டாக்டரும் கேட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஒரு கரண்டி போட்டேன். சூப்பை நக்கிப் பார்த்தேன், காரம் இல்லை. காரம்தான் மருந்து என்று நீ எழுதியிருக்கிறாய். காரம் இல்லையென்றால் மருந்து போதவில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு போட்டேன். இல்லை. நான்கு. ஒரு கைப்பிடி. அப்புறம் இரண்டு. இத்தனை வருஷமாக நான் செய்கிற வேலை அதுதானே, நாக்கு சரி என்று சொல்லும்வரை சரக்கைக் கூட்டுவது. ஊரெல்லாம் என் நாக்கை நம்புகிறது என்ற திமிரில், ஒரு தேக்கரண்டி என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை.

ஆனால் அந்தக் காரம் எங்கே போயிற்று என்பதை விடமாட்டேன் என்று இருந்தேன். நேற்று வேலைக்குத் திரும்பினேன். அரவைக் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது உறைத்தது. கடுகை நாங்கள் குளிர்ந்த தண்ணீரில்தான் கரைப்போம். புதிதாக வந்த ஆள் யாராவது கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டால் அந்தக் கொப்பரை முழுக்க வீண். எத்தனை கடுகு போட்டாலும் சுள்ளென்று வராது. இரண்டு கிண்ணத்தில் செய்து பார்த்தேன். ஒன்றில் மூக்கு எரிந்தது, மற்றதில் சப்பென்று இருந்தது. சொல், நீ அந்த முளையை எப்படிக் காயவைத்தாய்?

அக்கா


மார்ச் 26

அக்கா,

ஓவனில்!

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று "ஓவன்!" என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிருமி செத்துப்போகட்டும் என்று நல்ல சூட்டில் வைத்து மொறுமொறுவென்று எடுத்தேன். கிருமியோடு அந்த நொதியும் வெந்துபோயிற்று. மூலப்பொருள் அங்கேயே இருந்திருக்கும், அதை மாற்ற ஆள் இல்லை. வைட்டமின் கே சூட்டுக்கு அசையாது. ஆகவே நான் அத்தானுக்கு அனுப்பிய டப்பாவில் நல்லது பாதி படுத்துவிட்டது, தொல்லை முழுசாக உட்கார்ந்திருந்தது. நீ வேறு அதைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டிருக்கிறாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுஷனை எப்படி வாட்டியிருக்கிறோம்!

இன்னொன்று சொன்னால் குதிப்பாய். வெந்த பிராக்கோலியில் கொஞ்சம் கடுகுப் பொடி தூவினால் கடுகின் நொதி வந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறதாம், பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உன் ஆலைச் சரக்கு என் தட்டுச் சரக்கை எழுப்பிவிடும். முன்பே நாம் பேசிக்கொண்டிருந்திருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்போம்.

ஆனால் இனி அத்தான் தட்டில் எதைப் போடுவதென்றாலும் டாக்டரைக் கேட்காமல் நான் வாய் திறக்கமாட்டேன். நீ நாக்கை நம்பாதே, நான் படித்ததை நம்பமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்போது சொல்ல வார்த்தை இருக்கிறது. வரலாமா?

தம்பி


மே 30

தம்பி,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை. சொல்வதற்கு ஒன்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

டாக்டர் பச்சையைத் தொடாதே என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "சாப்பிடட்டும். ஆனா தினமும் ஒரே அளவு. இன்னிக்கு மூட்டை, நாளைக்குப் பட்டினின்னு இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு ஏத்த மாதிரி மாத்திரையை நான் பாத்துக்கறேன்" என்றார். பொடியும் மாத்திரை வடிவில் விற்கிற சாறும் வேண்டவே வேண்டாம், காய்கறி காய்கறியாகவே போதும் என்றும் சொன்னார். ஒரு கப் வைத்திருக்கிறேன். பிராக்கோலியோ கோஸோ, வெந்தது அந்தக் கப் மட்டம் வரை. கடுகுப் பொடி ஒரு சிட்டிகை தூவலாமா என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டு, தூவுங்கள், ஆனால் அதையும் மாற்றாதீர்கள் என்றார். காய்கறியைக் கண்ணால் பார்க்காத மனுஷன் தினம் மத்தியானம் அந்தக் கப்போடு வந்து நிற்கிறார். நான் குவித்துப் போட்டால், "ஏய், மட்டம், மட்டம்" என்று கரண்டியால் வழித்துத் திருப்பிப் போடுகிறார். நான் சூப்பை நக்கிப் பார்க்கக் கையை நீட்டினால் தட்டிவிடுகிறார்.

மூன்று பரிசோதனை. மூன்றும் இரண்டரைக்கு மேலே, மூன்றரைக்குக் கீழே. கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை ஏறினார். நான் ஆலைக்கு லீவு போட்டுவிட்டுப் பின்பக்க ஜன்னலில் நின்றேன். கூரைக்கு மேலே அந்த மூக்கு மெதுவாகத் திரும்பியது. இழுக்காமல், குலுக்காமல், எவ்வளவு மெதுவாக! அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, உன் நம்பரைத் திறந்தேன். திறந்துவிட்டுப் பேசக் கூச்சமாக இருந்ததால் இதை எழுதுகிறேன்.

நீ வரலாமா என்று கேட்டதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உன் தம்பியும் கோஸ் மாதிரிதான். ஒரேயடியா வந்து கொட்டினாலும் ஆபத்து, ஒரேயடியா நின்னுபோனாலும் ஆபத்து. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரே அளவா வரச் சொல்லு. விட்டுடாம வரணும். நடுவுல நிறுத்தினா என் உடம்பு தாங்காது."

வருகிற ஞாயிறு வா. கையில் ஒன்றும் கொண்டு வராதே.

அக்கா